தோட்டத்துக்குள் ஒரு பாதை

ஒரு பள்ளிக்கூடத்தை நினைத்துப் பாருங்கள்.

பள்ளிக்கூடம் மேட்டில் இருக்கிறது. ரோடு பள்ளத்தில் இருக்கிறது. நடுவே 50 அடி மண்தரை. பிள்ளைகள் தினமும் அந்த மண்ணில் நடந்து போகிறார்கள். நடந்து நடந்து ஒற்றையடிப் பாதை விழுந்திருக்கிறது. அது நேராகப் போகவில்லை. அடிபம்பைத் தொட்டுப் போகிறது. வேப்ப மரத்தைச் சுற்றிப் போகிறது. பிறகு மெதுவாக வாசலுக்கு ஏறுகிறது.

ஒரு நாள் தோட்டம் போடப் பணம் வருகிறது. கேட்டிலிருந்து வாசல் வரை கயிறு கட்டி, நேராகச் சிமெண்டுப் பாதை போடுகிறார்கள். அதன் மேல் பளபளப்பான டைல்ஸ். இரண்டு பக்கமும் பூச்செடி. பார்க்க அழகாக இருக்கிறது. பெரிய மனிதர் ஒருவர் வந்து ரிப்பன் வெட்டுகிறார்.

முதல் மழை பெய்கிறது. மேட்டுத் தண்ணீர் முழுவதும் பாதையில் இறங்கி ஓடுகிறது. ஓரத்து மண் கரைகிறது. மதிய உணவு சமைக்கும் அம்மா தண்ணீர்க் குடத்தோடு வழுக்கி விழுகிறார். மணிக்கட்டு எலும்பு முறிகிறது. ஒன்றரை மாதம் கட்டு. வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை.

பிள்ளைகளோ பழைய ஒற்றையடிப் பாதையிலேயே போகிறார்கள். அங்கே இப்போது பூச்செடி இருக்கிறது. செடி மிதிபடுகிறது. பிள்ளைகளுக்குத் திட்டு விழுகிறது. கடைசியில் முள்வேலி வருகிறது.

தப்பு யார் மேல்? பிள்ளைகள் மேலா? சமையல் அம்மா பார்த்து நடக்கவில்லையா? இரண்டும் இல்லை. பாதைதான் தப்பான இடத்தில் போகிறது. தப்பான சாய்வில் போகிறது. தப்பான கல்லைப் போர்த்திக்கொண்டு போகிறது.

தோட்டப் பாதை போடுவது சின்ன வேலை என்று பலர் நினைக்கிறார்கள். செடியைப் பற்றிப் பத்து நாள் பேசுவார்கள். பாதையைப் பற்றி ஒரு நிமிடம்கூடப் பேச மாட்டார்கள். ஆனால் செடியை மாற்றி நடலாம். போட்ட பாதையை மாற்றுவது கஷ்டம்.

கால் போகும் வழி

பாதை போடும் முன் என்ன செய்ய வேண்டும்? ஒன்றும் செய்யாமல் பார்க்க வேண்டும். இரண்டு வாரம் பார்த்தால் போதும். மக்கள் எங்கிருந்து எங்கே போகிறார்கள்? தண்ணீர்க் குழாய் எங்கே? கழிப்பறை எங்கே? சைக்கிளை எங்கே நிறுத்துகிறார்கள்? வெயில் நேரத்தில் எந்த நிழலில் ஒதுங்குகிறார்கள்?

இதற்குப் பதில் தரையிலேயே எழுதியிருக்கும். எங்கே புல் முளைக்கவில்லையோ அங்கே கால் போகிறது. படிக்கத் தெரியாதவர்கள்கூட இந்த எழுத்தைப் படிக்கலாம்.

பிறகு சுண்ணாம்புப் பொடியால் தரையில் கோடு போடுங்கள். அந்தக் கோட்டில் நடந்து பாருங்கள். வெறும் கையோடு நடந்தால் போதாது. குடத்தோடு நடக்க வேண்டும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். கோல் ஊன்றி நடக்கும் ஒரு பெரியவரையும் கூப்பிட்டு நடக்கச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறதோ அங்கே கோட்டை அழித்து மாற்றலாம். சுண்ணாம்புக்கு அதிகம் செலவில்லை.

அகலம் எவ்வளவு? ஒருவர் நடக்க இரண்டரை அடி போதும். எதிரும் புதிருமாக இரண்டு பேர் வந்தால் 4 அடி வேண்டும். சக்கர நாற்காலி போக 3 அடிக்குக் குறையக் கூடாது. செடி வளர்ந்து பாதைக்குள் கை நீட்டும். அதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். ரோஜாவையும் முள்செடியையும் ஓரத்தில் நட்டுவிட்டு, பிறகு பிள்ளைகளின் சட்டை கிழிகிறது என்றால் என்ன செய்வது?

தண்ணீர் போகும் வழி

மனிதருக்கு ஒரு வழி உண்டு. தண்ணீருக்கும் ஒரு வழி உண்டு. இரண்டும் ஒன்றாகிவிட்டால் தண்ணீர்தான் ஜெயிக்கும்.

சரிவான இடத்தில் மேலிருந்து கீழே நேராகப் பாதை போட்டால் அது வாய்க்கால் ஆகிவிடும். தண்ணீர் வேகமாக இறங்கும். வேகமாக இறங்கும் தண்ணீர் மண்ணை அள்ளிப் போகும். மலை ரோடுகளைப் பார்த்திருப்பீர்கள். அவை மலை மேல் நேராக ஏறுவதில்லை. கொண்டை ஊசி போல் வளைந்து வளைந்து ஏறுகின்றன. வளைந்தால் ஏற்றம் குறையும். மூச்சு வாங்காது. தண்ணீரின் வேகமும் குறையும். தோட்டத்துக்கும் இதே கணக்குதான்.

அந்தக் கணக்கைப் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப் பார்க்கலாம். முதலில் மேடு எவ்வளவு உயரம் என்று தெரிய வேண்டும். கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூப் போதும். உள்ளே இருப்பது வெளியே தெரியும் நீளமான பிளாஸ்டிக் டியூப் அது. அதற்குள் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். டியூப் எட்டாத தூரமாக இருந்தால் துண்டு துண்டாக அளந்து கூட்டிக்கொள்ளலாம். ஒரு முனையை மேட்டில் ஒரு குச்சியில் பிடியுங்கள். மறு முனையைப் பள்ளத்தில் ஒரு குச்சியில் பிடியுங்கள். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். தரையிலிருந்து தண்ணீர் மட்டம் வரை இரண்டு குச்சியிலும் அளக்க வேண்டும். மேட்டில் 1 அடி, பள்ளத்தில் 6 அடி என்று வந்தால், உயர வித்தியாசம் 5 அடி.

தூரம் 50 அடி. உயரம் 5 அடி. நேராகப் போட்டால் 10 அடிக்கு 1 அடி ஏற்றம். இது செங்குத்து. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கட்டும்போது 12 அடிக்கு 1 அடிக்கு மேல் ஏறக் கூடாது என்பது விதி. 15 அடிக்கு 1 அடி என்றால் இன்னும் சுகம். அப்படியானால் 5 அடி ஏற 75 அடிப் பாதை வேண்டும். 50 அடி தூரத்துக்குள் 75 அடிப் பாதை எப்படி வரும்? வளைத்தால் வரும். பிள்ளைகளின் ஒற்றையடிப் பாதை ஏன் வேப்ப மரத்தைச் சுற்றிப் போனது என்று இப்போது புரிகிறதா? அவர்கள் டியூப் பிடிக்கவில்லை. கால் கணக்குப் போட்டது.

இன்னொரு விஷயம். பாதையின் குறுக்கேயும் கொஞ்சம் சாய்வு வேண்டும். 4 அடி அகலப் பாதைக்கு ஒரு பக்கமாக 1 அங்குலம் சாய்வு போதும். மழைத் தண்ணீர் பாதையில் நிற்காமல் பாத்திக்கு வடிந்துவிடும். செடிக்கும் தண்ணீர் கிடைக்கும்.

படி வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் தாழ்வான படியாக வையுங்கள். உயரம் 5 அங்குலம், மிதிக்கும் அகலம் 15 அங்குலம் இருந்தால் வயதானவர்கூட ஏறுவார். எல்லாப் படியும் ஒரே உயரம் இருக்க வேண்டும். கால் முதல் இரண்டு படியிலேயே உயரத்தை மனப்பாடம் செய்துகொள்ளும். மூன்றாவது படி ஓர் அங்குலம் கூடினாலும் தடுக்கும். படிகளில் விழுபவர்கள் பலர் இப்படித்தான் விழுகிறார்கள்.

அரசர்கள் போட்ட பாதை

பழைய காலத்தில் அரசர்களும் பிரபுக்களும் பெரிய தோட்டங்கள் போட்டார்கள். அவற்றில் பலவற்றில் பாதைகள் நேராகவே இருக்கும். அப்படியானால் நேர்ப்பாதை தப்பா? தப்பில்லை. நிலம் இடம் கொடுக்க வேண்டும்.

டில்லியில் ஹுமாயூன் கல்லறையைச் சுற்றி ஒரு தோட்டம் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் போட்டது. அங்கே நிலம் சமம். அதனால் தோட்டத்தை நான்கு பெரிய சதுரங்களாகப் பிரித்தார்கள். அவற்றையும் சிறு சதுரங்களாகப் பிரித்தார்கள். நடுவில் நேர்ப்பாதைகள். பாதையின் நடுவிலே ஒல்லியான வாய்க்கால்.

காலப்போக்கில் மண் ஏறி வாய்க்கால்கள் கெட்டுப்போயின. 1947இல் நாடு பிரிந்தபோது வீடு இழந்து வந்த அகதிகள் இந்தத் தோட்டத்தில்தான் முகாம் போட்டுத் தங்கினார்கள். 1997இல் தோட்டத்தைச் சீர்ப்படுத்தும் வேலை தொடங்கியது. 2003இல் முடிந்தது. வாய்க்காலில் மறுபடி தண்ணீர் ஓட வேண்டும். சமமான தரையில் தண்ணீர் எப்படி ஓடும்? 40 மீட்டர் தூரத்துக்கு 1 சென்டிமீட்டர் இறக்கம் கொடுத்தார்கள். கண்ணுக்குச் சமமாகத் தெரிகிறது. தண்ணீருக்கு மட்டும் இறக்கம் தெரிகிறது. கல் தச்சர்களின் கை நிதானம் அப்படி.

காஷ்மீரில் நிலம் வேறு. ஸ்ரீநகரில் ஒரு பக்கம் மலை. மறு பக்கம் தால் ஏரி. நடுவில் சரிவு. அங்கே 1633இல் ஆசஃப் கான் நிஷாத் தோட்டத்தைப் போட்டார். இவர் ராணி நூர்ஜஹானின் அண்ணன். டில்லித் தோட்டத்தை அப்படியே தூக்கி வந்து சரிவில் வைக்க முடியாது. அதனால் சரிவை 12 மேடைகளாக வெட்டினார்கள். ஒவ்வொரு மேடையும் சமதரை. மேடைக்கு மேடை படி. மலை ஊற்றுத் தண்ணீர் நடுவில் இறங்கி வருகிறது. மேடை முடியும் இடத்தில் செதுக்கிய சாய்வுக் கல் மேல் வழிகிறது. துணி விரித்தது போல் இருக்கும். படகில் வந்து இறங்கியவர்கள் ஏரிக் கரையிலிருந்து மேலே மேலே ஏறிப் போவார்கள்.

இரண்டும் முகலாயர் காலத்துத் தோட்டங்கள்தான். நிலம் மாறியது. பாதையும் மாறியது.

ஊருக்கு ஊர் கல் வேறு

என்ன கல் போடுவது? கடையில் அழகாக இருப்பதையா? உங்கள் ஊரில் கிடைப்பதையா? பெரும்பாலும் ஊரில் கிடைப்பதுதான் நல்லது. வண்டிக் கூலி மிச்சம். உடைந்தால் அதே கல்லை மறுபடி வாங்கலாம்.

கேரளா, கோவா, கொங்கண் கரையில் செம்புரைக்கல் கிடைக்கும். வெட்டும்போது மெத்தென்று இருக்கும். காற்றுப் பட்டால் இறுகும். 1807இல் வெளியான தன் பயண நூலில் பிரான்சிஸ் புக்கனன் என்பவர் இதற்கு லேட்டரைட் என்று பெயர் வைத்தார். கேரளத்தின் அங்காடிப்புரத்தில் அவர் பார்த்த கல் அது. இதன் மேல்பக்கம் சொரசொரப்பாக இருக்கும். கால் வழுக்காது. ஆனால் மழைக்காலத்தில் பாசி பிடிக்கும். தேய்த்துக் கழுவ ஆள் வேண்டும். வெயில் விழும் பக்கமாகப் பாதையைக் கொண்டு போனால் பாசி குறையும்.

மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், குஜராத் பக்கம் கரிசல் மண் அதிகம். கரிசல் மழையில் ஊதும். வெயிலில் சுருங்கி வெடிக்கும். அதன் மேல் சிமெண்டுப் பாதை போட்டால் அதுவும் சேர்ந்து வெடிக்கும். ஓர் அடி ஆழத்துக்குக் கரிசலை எடுத்துவிட வேண்டும். சரளை மண் கொட்டி இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். அதன் மேல் பலகைக் கல்லைச் சிமெண்டு இல்லாமல் பதிக்கலாம். கல் ஆடினால் எடுத்து மறுபடி பதிக்கலாம். சிமெண்டு வெடித்தால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

மேகாலயாவில் கதை வேறு. சோரா, மவ்சின்ராம் பக்கம் சராசரியாக ஆண்டுக்கு 11,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மலையும் செங்குத்து. மண்பாதை ஒரு மழைக்குத் தாங்காது. அதனால் காசி இன மக்கள் கல் படிகளாகவே வழி வைத்திருக்கிறார்கள். முதுகில் கூடை, கூடையின் வாரை நெற்றியில் மாட்டிக்கொண்டு ஏறி இறங்குகிறார்கள். நோங்கிரியட் என்ற ஊருக்குப் போக 3,000க்கும் மேற்பட்ட படிகள் உண்டு.

எந்த ஊரானாலும் ஒன்று மட்டும் பொது. வீட்டுக்குள் போடும் வழவழ டைல்ஸ் வெளியில் கூடாது. தண்ணீர் பட்டால் அது எண்ணெய்த் தரை போல. கடைக்காரர் என்ன சொன்னாலும் வாங்காதீர்கள்.

மரம் இருக்கிற இடத்தில்

பாதைக் கோட்டில் மரம் வந்தால் என்ன செய்வது? பாதைதான் ஒதுங்க வேண்டும். நேற்று வரைந்த கோட்டுக்காக முப்பது வருட மரத்தை வெட்டுவது என்ன நியாயம்?

சிலர் மரத்தை வெட்ட மாட்டார்கள். அடிமரம் வரை சிமெண்டு பூசிவிடுவார்கள். இதுவும் மெதுவாக வெட்டுவது போலத்தான். வேருக்குத் தண்ணீரும் வேண்டும், காற்றும் வேண்டும். டில்லியில் நடைபாதை ஓரத்து மரங்கள் இப்படித்தான் திணறின. 2013இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஓர் உத்தரவு போட்டது. மரத்தைச் சுற்றி 1 மீட்டருக்கு உள்ள சிமெண்டை எடுத்துவிட வேண்டும் என்று சொன்னது. உங்கள் ஊர் மரத்துக்கும் குறைந்தது இந்த 1 மீட்டரை விடுங்கள். பெரிய மரத்துக்கு இன்னும் கூடுதலாக விட்டாலும் நல்லதே.

இடிந்த ஊர்களின் மிச்சம்

பாதையைப் பற்றிப் பேசும்போது ஒரு மனிதரைச் சொல்லாமல் விட முடியாது. அவர் பெயர் நேக் சந்த்.

அவர் பிறந்த ஊர் இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது. 1947 பிரிவினையில் குடும்பத்தோடு இந்தியா வந்தார். சண்டிகர் நகரம் கட்டப்பட்டபோது பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர் வேலை கிடைத்தது. சண்டிகர் புது நகரம். லெ கொர்பூசியே என்ற கட்டடக் கலைஞர் வரைந்தது. சாலைகளை ஏழு வகையாகப் பிரித்திருந்தார்கள். வேக வண்டிக்கு ஒரு வகை. கடைத்தெருவுக்கு ஒரு வகை. ஏழாவது வகை பூங்கா வழியே நடந்து போகிறவர்களுக்கு. எல்லாம் திட்டப்படி.

அந்த நகரத்துக்காக இருபதுக்கும் மேற்பட்ட கிராமங்கள் காலி செய்யப்பட்டன. வீடுகள் இடிந்தன. உடைந்த பானை, ஓடு, வளையல், பீங்கான், சைக்கிள் சட்டம் எல்லாம் குப்பையாகக் கிடந்தன. நேக் சந்த் அவற்றைச் சைக்கிளில் ஏற்றிச் சேர்த்தார். ஆற்றுக் கற்களையும் பொறுக்கினார். ஊருக்கு வடக்கே காட்டுப் பள்ளம் ஒன்று இருந்தது. அங்கே கட்டடம் கட்ட அனுமதி இல்லை. அவர் பகலில் வேலை பார்த்தார். வேலை முடிந்ததும் அங்கே போய் யாருக்கும் தெரியாமல் தோட்டம் கட்டினார். பல ஆண்டுகள் இப்படியே போயின.

அவருடைய பாதையைக் கவனியுங்கள். பள்ளத்தை அவர் நிரப்பவில்லை. பள்ளம் இறங்கினால் பாதையும் இறங்குகிறது. மேடு வந்தால் ஏறுகிறது. பாறை வந்தால் ஒதுங்குகிறது. அடுத்து என்ன வரும் என்று தெரியாது. ஒரு வளைவு. ஒரு தாழ்வான வாசல். குனிந்து உள்ளே போனால் திறந்த முற்றம். அங்கே உடைந்த வளையலால் செய்த பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். மறுபடி ஒரு குறுகிய வழி. மறுபடி ஒரு வாசல். சின்ன இடம் பெரிய இடமாகத் தோன்றுகிறது. நேராகப் பாதை போட்டிருந்தால் சீக்கிரமே எல்லாம் தெரிந்துபோயிருக்கும்.

குறையும் உண்டு. முழங்கால் வலி உள்ளவருக்கும் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் அந்தக் குறுகிய வாசல்கள் கஷ்டம்தான். பார்த்து ரசிக்க வரும் தோட்டத்துக்கு அது பொருந்தும். தினமும் தண்ணீர் சுமந்து போகும் வழிக்குப் பொருந்தாது.

1970களில் அதிகாரிகள் இந்தத் தோட்டத்தைக் கண்டுபிடித்தார்கள். சட்டப்படி இடித்திருக்கலாம். ஆனால் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். 1976இல் தோட்டம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. நேக் சந்துக்குச் சம்பளமும் 50 தொழிலாளர்களும் கிடைத்தார்கள். 1984இல் பத்மஸ்ரீ பட்டம் வந்தது.

அதோடு ஆபத்து முடியவில்லை. 1990இல் தோட்டத்தின் ஒரு பகுதியை இடித்துச் சாலை போடப் புல்டோசர்கள் வந்தன. ஊர் மக்கள் திரண்டு வந்து கைகோத்து நின்றார்கள். புல்டோசர்கள் திரும்பிப் போயின. நேக் சந்த் 2015இல், தன் 90ஆவது வயதில் இறந்தார். 2025இல் சாலையை அகலமாக்கவும் வண்டிகள் நிறுத்த இடம் ஒதுக்கவும் தோட்டத்துச் சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. அப்போதும் ஊர் மக்கள் கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். கிராமங்களை இடித்த மிச்சத்தில் எழுந்த சுவர் அது.

மறுபடியும் பள்ளிக்கூடம்

அந்தப் பள்ளிக்கூடத்தை என்ன செய்யலாம்?

வழுக்கும் டைல்ஸை உடைத்து எடுத்துவிடலாம். உடைந்த துண்டுகளைப் புதுப் பாதைக்கு அடியில் போட்டு இடிக்கலாம். புதுப் பாதை பிள்ளைகளின் பழைய தடத்தில் போகட்டும். 75 அடி நீளம், 4 அடி அகலம் என்றால் 300 சதுர அடி. நேர்ப்பாதை 200 சதுர அடிதான். ஒன்றரை மடங்கு செலவு என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். ஆனால் சரளையும் ஊர்க் கல்லும் போட்டால் டைல்ஸ் விலை ஆகாது. ஊரார் ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு வந்தால் கூலியும் குறையும்.

பாதை அடிபம்பைத் தொடும் இடத்தில் ஓர் அகலமான கல் வேண்டும். குடத்தை இறக்கி வைக்க அது உதவும். பாதி ஏற்றத்தில் வேப்ப மரம் வருகிறது. அங்கே 5 அடி நீளத்துக்குச் சமதரை விட வேண்டும். மூச்சு வாங்க நிற்கலாம். மரத்திலிருந்து 1 மீட்டர் தள்ளி ஒரு கல் பெஞ்சும் போடலாம். தண்ணீர் வடியும் பக்கத்தில் பாத்தி. அதில் கீரையோ வாழையோ நட்டால் சமையலுக்கு ஆகும்.

சுண்ணாம்புக் கோடு போடும் நாளில் சமையல் அம்மாவையும் கூப்பிட வேண்டும். கட்டு பிரித்த பிறகு அவர் குடத்தோடு ஒரு முறை ஏறிப் பார்க்கட்டும். அவர் சரி என்று சொன்ன பிறகு கல் பதிக்கலாம். முள்வேலியைப் பிடுங்கிக் கொல்லைப் பக்கம் ஆடு வராத இடத்தில் நட்டுவிடலாம்.